“ஒரு ஓட்டால என்ன ஆகிடப் போகுது?” – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினால் வீட்டிலோ வேலையிடத்திலோ யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். நான் எந்தக் கட்சியிலும் இல்லை, தேர்தல் அலுவலரும் இல்லை. எல்லாத் தேர்தலுக்கும் போய் ஓட்டுப் போடுகிற ஆள் என்று தெரிந்துபோனதால் வந்த வினை இது. ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இவற்றில் பாதி எனக்கும் உள்ள சந்தேகங்கள்தான்.

ஒரே ஒரு ஓட்டு. அதனால முடிவு மாறுமா?

அநேகமாக மாறாது. இதில் மழுப்ப ஒன்றும் இல்லை. நான் இதுவரை போட்ட எந்த ஓட்டும் யாரையும் ஜெயிக்க வைத்ததில்லை, தோற்கடித்ததும் இல்லை. அந்த நாட்களில் நான் படுத்துத் தூங்கியிருந்தாலும் அதே ஆட்கள்தான் வந்திருப்பார்கள்.

ஆனால் ‘நடக்கவே நடக்காது’ என்பதும் தப்பு. 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளி சட்டமன்றத் தொகுதியில் 40,752-க்கு 40,751 என்று ஒரே ஓட்டில் முடிவு வந்தது. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில், முதல்வர் பதவிக்குப் பேசப்பட்ட சி.பி. ஜோஷி 62,215 ஓட்டு வாங்கி, 62,216 வாங்கியவரிடம் தோற்றார். 2016-இல் தமிழ்நாட்டின் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. 2017-இல் ஸ்காட்லாந்தின் நார்த் ஈஸ்ட் ஃபைஃப் தொகுதியில் வெறும் 2. அதே 2017-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில அவைக்கான ஒரு தொகுதியில் இருவருக்கும் ஆளுக்கு 11,608 ஓட்டு. கடைசியில் ஒரு கிண்ணத்தில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அவையில் ஒரு கட்சிக்கு 51-49 என்று பெரும்பான்மை கிடைத்ததே அந்தக் குலுக்கலில்தான். அன்று ‘நாம் போய் என்ன ஆகப் போகிறது’ என்று வீட்டில் இருந்துவிட்டவர் இந்தச் செய்தியை எந்த முகத்தோடு படித்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன்.

1999-இல் வாஜ்பாய் அரசு ஒரு ஓட்டில் கவிழ்ந்ததைச் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது நாடாளுமன்றத்துக்குள் உறுப்பினர்கள் போட்ட ஓட்டு. 269-க்கு 270. நம் கதை வேறு. அதோடு, இந்த அதிசயங்களை நான் காரணமாகவும் சொல்வதில்லை. யாரோ ஒருவருக்கு லாட்டரி விழுந்ததைக் காட்டி ஊரையே சீட்டு வாங்கச் சொல்வது போல ஆகிவிடும்.

அப்போ கணக்குப் பார்த்தா, போடாம இருக்கிறதுதானே புத்திசாலித்தனம்?

இந்தக் கணக்கைப் பெரிய ஆட்களே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1957-இல் ஆண்டனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் இதைத்தான் சொன்னார்: ஓட்டுப் போட நேரம் போகிறது, அலைச்சல் இருக்கிறது, என் ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்போ நூலளவுகூட இல்லை, லாப நஷ்டம் பார்ப்பவன் போகமாட்டான். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் போகிறார்கள். 1968-இல் ரைக்கர், ஆர்டெஷுக் என்ற இருவர் கணக்கில் இன்னொரு எண்ணைச் சேர்த்தார்கள்: கடமையைச் செய்த நிறைவு. ‘பிடித்திருப்பதால் செய்கிறான் என்று சொல்வதற்கு எதற்கு ஒரு சமன்பாடு?’ என்று அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கேலி உறைக்கவில்லை. ஆமாம், பிடித்திருக்கிறது.

கணக்கு முக்கியம் என்பவர்களுக்கு இன்னொன்று. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு ஓட்டு முடிவைத் தீர்மானிக்கும் வாய்ப்பு சராசரியாக 6 கோடியில் 1 என்று புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் கணித்தார்கள். எனக்கு வரும் நன்மையை மட்டும் வைத்து அதைப் பெருக்கினால் விடை பூஜ்யம்தான். ஆனால் அந்த முடிவு ஏறத்தாழ 30 கோடிப் பேரைத் தொடுகிறது. அவர்கள் எல்லோருக்குமான நன்மையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள், விடை அவ்வளவு அற்பமாக இருக்காது. வீட்டில் தனக்கு மட்டும் என்று யோசித்தால் கணக்கு உதைக்கும். ஊருக்கு என்று யோசித்தால் ஓரளவு கைக்குள் வரும். அப்புறம், சில நூறு ஓட்டுகளே விழும் உள்ளாட்சி வார்டில் இந்த வாய்ப்பு எவ்வளவோ அதிகம். ஆனால் பெரிய தேர்தலுக்கு மறக்காமல் போகிற பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

‘எல்லாரும் இப்படி நினைச்சா என்ன ஆகும்’னு கேட்பீங்க, அதானே?

கேட்க மாட்டேன். அது பலவீனமான வாதம். நான் போகவில்லை என்பதற்காக நாடே வீட்டில் உட்கார்ந்துவிடாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் நான் நினைப்பது எனக்கு மட்டும் தோன்றிய அபூர்வ எண்ணம் என்றும் நான் நம்பவில்லை. என் வயது, என் மாதிரி வேலை, என் மாதிரி சலிப்பு உள்ள ஆயிரம் பேர் அன்று காலையில் அதே சாக்கை யோசித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பேசி வைத்துக்கொள்வதில்லை, ஆனாலும் ஒரே மாதிரி முடிவெடுக்கிறோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் போவதும் உண்டு. 2006-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பரிசோதனை நடந்தது. ‘உங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் யார் யார் ஓட்டுப் போட்டார்கள்’ என்ற பட்டியலைச் சில வீடுகளுக்குக் கடிதமாக அனுப்பினார்கள். கடிதம் வராத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், வந்த வீடுகளில் 37.8. அக்கம்பக்கம் பார்க்கிறது என்ற நினைப்பு செய்த வேலை அது. எனக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை, மிரட்டல் வாடை அடிக்கிறது. ஆனாலும் அந்த எண்கள் மனதில் நின்றுவிட்டன.

நான் போடுற ஆள் எப்படியும் தோத்துடுவார். ஓட்டு வீண்தானே?

ஜெயிக்கிற குதிரையில் பணம் கட்டுவது போல ஓட்டைப் பார்த்தால் வீண்தான். ஆனால் தோற்றவருக்கு விழுந்த ஓட்டையும் எண்ணுகிறார்கள், எழுதி வைக்கிறார்கள், அதை வைத்துப் பல காரியங்கள் நடக்கின்றன. இந்தியாவில் செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் வேட்பாளருக்கு டெபாசிட் திரும்பும். ஒரு மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு வாங்கும் கட்சிக்கு, ஒரு இடம்கூட ஜெயிக்காவிட்டாலும், மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும். ஜெர்மனியில் குறைந்தபட்ச சதவீதத்தைத் தாண்டும் கட்சிகளுக்கு, வாங்கிய ஓட்டுக் கணக்கில் அரசே நிதி தருகிறது.

தேர்தல் முறையையும் பார்க்க வேண்டும். இலங்கை அதிபர் தேர்தலில் இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் குறிக்கலாம். 2024-இல் யாருக்கும் பாதிக்கு மேல் வராததால், அங்கே முதல்முறையாக இரண்டாவது விருப்பங்களையும் எண்ணினார்கள். ‘எப்படியும் தோற்பவருக்கு’ முதலிடம் கொடுத்தவர்களின் சீட்டுகள்தான் அந்தச் சுற்றில் மறுபடி கையில் எடுக்கப்பட்டன. உங்கள் ஊர் முறையில் இந்த வசதி இல்லை என்றாலும், ஜெயித்தவர் அடுத்தமுறைக்காக முதலில் பார்ப்பது தன் வித்தியாசம் எவ்வளவு என்பதைத்தான்.

ஓட்டுப் போட்டு எதுவும் மாறினதே இல்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘மாறியது’ என்று பட்டியல் போட்டால் நீங்கள் ‘மாறவில்லை’ என்று இன்னொரு பட்டியல் போடுவீர்கள். ஆகவே தலைகீழாகக் கேட்கிறேன். ஒன்றுக்கும் உதவாத பொருள் என்றால், அதை அடுத்தவரிடமிருந்து பிடுங்க ஏன் இத்தனை பேர் இத்தனை பாடுபட்டார்கள்?

இலங்கையில் 1931-லேயே ஆண் பெண் எல்லோருக்குமான வாக்குரிமை வந்துவிட்டது. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு தொகுதிகளிலும் அவர்களின் ஓட்டு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. மறு வருடமே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. பெரும்பாலான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி ஓட்டையும் எடுத்தார்கள். அப்புறம் அந்த மக்களுக்காகக் கொழும்பும் தில்லியும் ஒப்பந்தம் போட்டன. யார் எந்த நாட்டுக்கு, எத்தனை பேர் என்று பங்கு பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை ஓட்டுச்சாவடிக்கு வெளியே நிறுத்த எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள், தலைவரி வைத்தார்கள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை பல இடங்களில் அதுதான் நிலை. சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குத் தேசியத் தேர்தல் ஓட்டு 1971-இல் கிடைத்தது. அப்பன்ஸெல் இன்னர்ரோடன் என்ற குட்டி மாநிலம் உள்ளூர் ஓட்டைத் தராமல் இழுத்தடித்து, 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தது. ஓட்டு வெறும் சடங்கு என்றால் ஒரு சடங்குக்காக இவ்வளவு பிடிவாதம் யாரும் பிடிக்க மாட்டார்கள்.

ஓட்டு நினைத்ததையெல்லாம் கொண்டுவந்து தரும் என்று நான் சொல்லவில்லை. ஓட்டு இல்லாதவரிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்கிறேன்.

போடாம இருக்கிறதும் ஒரு எதிர்ப்புதானே?

சில இடங்களில் நிஜமாகவே அப்படித்தான். இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்கக் கோரும் வாக்கெடுப்பு செல்லுபடியாக வேண்டுமானால், வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வந்திருக்க வேண்டும். அங்கே வீட்டில் இருப்பதும் ஓர் ஓட்டு. 1991-இல் முன்னாள் பிரதமர் பெத்தினோ கிராக்ஸி ‘கடற்கரைக்குப் போங்கள்’ என்று மக்களிடம் சொன்னார். மக்கள் கேட்கவில்லை. 60 சதவீதத்துக்கு மேல் வந்து, அவர் எதிர்த்த மாற்றத்தை நிறைவேற்றிவிட்டார்கள்.

இப்படிக் குறைந்தபட்ச வரம்பு இல்லாத தேர்தலில், வராதவரின் மௌனத்தை யாராலும் படிக்க முடியாது. கோபத்தில் வராதவர், காய்ச்சலில் வராதவர், சோம்பலில் வராதவர் மூவரும் ஒரே எண். சேர்ந்து, அறிவித்து, கூட்டம் போட்டுப் புறக்கணிப்பது வேறு. அதற்கு ஓட்டுப் போடுவதைவிட அதிக உழைப்பு வேண்டும். போர்வைக்குள் இருந்தபடி செய்யும் புறக்கணிப்பு நமக்கு மட்டும்தான் தெரியும்.

யாரையுமே பிடிக்கலைன்னா?

இந்தியாவில் இதற்கென்றே நோட்டா, அதாவது ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்ற பொத்தான், இருக்கிறது. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து வந்தது. அதற்கு அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்த இடத்தில் உள்ள வேட்பாளர்தான் ஜெயிப்பார், ஆகவே பல் இல்லாத பாம்பு என்பார்கள். உண்மைதான். ஆனால் மேலே சொன்ன மௌனத்தைவிட இது மேல், ஏனென்றால் எண்ணப்படுகிறது. 2024-இல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் முக்கிய எதிர்க்கட்சி வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கியபோது, நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்து அது இரண்டாம் இடத்துக்கு வந்தது. அந்த எண்ணை யாராலும் காய்ச்சல் என்று சொல்லித் தள்ள முடியாது.

கொலம்பியாவில் வெற்று ஓட்டுக்குப் பல் உண்டு. அது பாதிக்கு மேல் வந்தால் வேறு வேட்பாளர்களுடன் தேர்தலை மறுபடி நடத்த வேண்டும். நோட்டாவும் அப்படி ஆக வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கும் யாரையும் ‘பிடித்து’ ஓட்டுப் போட்ட நினைவு இல்லை. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கத் தேவையில்லை. இருப்பவர்களில் யார் வந்தால் சேதம் குறைவு என்று பார்ப்பேன். பாதித் தேர்தல்களில் நான் போட்ட ஓட்டு அந்த வகைதான்.

எனக்கு அரசியல் ஒண்ணும் தெரியாது. தெரியாம குத்துறதுக்குப் போடாம இருக்கலாமே?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் தெரிந்தவர்கள்தான். ஒன்றுமே தெரியாதவர்களுக்கு இந்தச் சந்தேகமே வருவதில்லை.

ஒரு மணி நேரம் போதும். இந்தியாவில் 2003 முதல் எல்லா வேட்பாளரும் தங்கள் மீதுள்ள வழக்குகள், சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். பல நாடுகளில் இதுபோன்ற ஏதாவது ஒன்று இருக்கும். நான் அதைப் படித்துவிட்டு, எனக்குச் சொந்தமாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வேன். தண்ணீர், பள்ளிக்கூடம், ஏதோ ஒன்று. அதில் யார் என்ன செய்தார் என்று மட்டும் பார்ப்பேன். எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவன் என்று யாரும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை.

மெஷின்லயே மாத்திடுறாங்க, அப்புறம் எதுக்குப் போகணும்?

சந்தேகப்படுவது குற்றம் இல்லை. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-இல், சாதாரணக் குடிமகன் எண்ணிக்கையைத் தானே சரிபார்க்க வழியில்லை என்று சொல்லி, அங்கே பயன்படுத்திய இயந்திரங்களை ஏற்க மறுத்தது. இந்தியாவில் ஒப்புகைச் சீட்டு 7 விநாடி கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். இது போதுமா, கூட்ட வேண்டுமா என்று தாராளமாக வாதாடலாம்.

ஆனால் சந்தேகம் உள்ளவர்தான் முதல் ஆளாகப் போக வேண்டும் என்பது என் கட்சி. கள்ள ஓட்டு யார் பெயரில் விழும்? வராதவர் பெயரில். நீங்கள் போகும்போது உங்கள் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருந்தால் அதுவே ஒரு தடயம். இந்தியாவில் அப்போது அடையாளத்தை நிரூபித்துவிட்டுத் தனி வாக்குச்சீட்டில் ஓட்டுப் போடலாம், அது பதிவாகும். வீட்டில் இருந்தால் அப்படி ஒன்று நடந்ததே உங்களுக்குத் தெரியாது.

காசு வாங்கிட்டேன். அவங்களுக்குத்தான் போடணுமா?

வேண்டாம். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அதற்கு மேல் ‘வாக்குத் தவறக்கூடாது’ என்று மனச்சாட்சியைச் சேர்த்து அடகு வைக்காதீர்கள். ரகசிய ஓட்டு வந்ததற்கு ஒரு காரணமே இதுதான். பிரிட்டனில் 1872 வரை எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லித்தான் ஓட்டுப் போட்டார்கள். நிலக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். திரை வந்த பிறகு, கொடுத்தவருக்குச் சரக்கு கிடைத்ததா என்று சரிபார்க்க வழியில்லாமல் போனது.

ஓட்டுப் போடாதவனுக்குக் குறை சொல்ல உரிமை இல்லைங்கிறாங்களே?

தப்பு. வரி கட்டுகிறார், அதே சாலையில் போகிறார், சொல்லட்டும். ஓட்டே இல்லாத குழந்தைகளுக்கும் குறை சொல்ல உரிமை உண்டு.

நீங்க ஒரு தடவைகூட விட்டதில்லையா?

ஒருமுறை விட்டேன். வீடு மாறியபோது முகவரியை மாற்றாமல் அலட்சியமாக இருந்தேன். பழைய இடத்தில் பெயரை நீக்கிவிட்டார்கள், புதிய இடத்தில் சேரவில்லை. வரிசையில் நின்று, பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்த பெண்மணி தலையை ஆட்டினார். தேர்தல் முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. முதல் பதிலில் சொன்னதுபோல, நான் போட்டிருந்தாலும் அதேதான். ஆனால் அன்று முழுக்க ஏதோ கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது போல இருந்தது.

அதன் பிறகுதான் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலைப் பற்றிப் படித்தேன். 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் இல்லாமல் வாக்காளர் இல்லை என்றார். சுமார் 28 லட்சம் பெண்களை நீக்க வேண்டியதாயிற்று. அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை இரண்டு மனம். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அந்த வீடுகளில் பலவற்றில் ஒரு பெண் தன் பெயரை ஒரு அந்நியரிடம் சத்தமாகச் சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போது, என் பெயர் இல்லாத அந்தப் பட்டியல் ஞாபகம் வரும்.

சரி, உங்க சொந்தக் காரணம்தான் என்ன?

மேலே சொன்னதுதான். சாவடியில் என் பெயரைச் சத்தமாகப் படிக்கிறார்கள். முதலாளியின் பெயரையும் அதே குரலில்தான் படிக்கிறார்கள். அவருக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று. வருடத்தின் மற்ற நாட்களில் எங்கேயும் இந்தக் கணக்கு இப்படி வருவதில்லை.

இன்னொரு காரணம் கொஞ்சம் சில்லறைத்தனமானது. ஓட்டுப் போட வேண்டும் என்பதால்தான் நான் செய்தியையே ஒழுங்காகப் படிக்கிறேன். இல்லாவிட்டால் தலைப்போடு நிறுத்திவிடுவேன்.

உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்குப் போடுவார்னு தெரிஞ்சவரையும் போகச் சொல்வீங்களா?

என் அண்ணனே அப்படித்தான். நான் எதற்குப் போடுகிறேனோ அதற்கு நேர் எதிரானது அவருடையது. என் ஓட்டை அவர் ஓட்டு அடித்துவிடும். கணக்குப்படி நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்தால் உலகத்துக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, இருவருக்கும் அரை நாள் மிச்சம். சில சட்டமன்றங்களில் எதிரெதிர்க் கட்சி உறுப்பினர்கள் இருவர் பேசி வைத்துக்கொண்டு சேர்ந்து விடுப்பு எடுக்கும் வழக்கமே உண்டு.

ஒருமுறை நாங்களும் அப்படிப் பேசி வைத்தோம். “நீயும் போகாதே, நானும் போகலை” என்று அண்ணன் சொன்னார். “சரிண்ணே” என்றேன். மதியம் மூன்று மணிக்கு வரிசையில் போய் நின்றால், எனக்கு நாலு பேர் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.